எண்ணெய்த் துளையில் சந்தனம்

சகலமான பொதுமக்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், பொன்னுத்தங்கம் ஃபயர் ஒர்க்ஸ் நிறுவனத்தின் வைர விழாவை முன்னிட்டு, அதன் அதிபர் திருமிகு நவநீதகிருஷ்ணன் அவர்கள், தமது தெய்வத்திருத் தாயார் தம் பொற்கரங்களால் சுழற்றி ஒரு சாம்ராஜ்யத்தையே தைத்தெடுத்த புராதனக் கைத்தையல் இயந்திரத்தை, நலிந்த பெண் தொழிலாளி ஒருவருக்கு மனமுவந்து வழங்கவிருக்கிறார்.

அழைப்பிதழில் அப்படித்தான் போட்டிருந்தது. உலகம் நாளை அழியப்போகிறது என்றால் அதற்கும் நாலு கலரில், தங்க முலாம் வைத்து, சாயங்காலத்துக்குள் பத்திரிகை அடித்துக் கொடுக்கிற ஊர் சிவகாசி. வைர விழாவை விடுமா? அட்டையில் மிஷின் புடைத்து நின்றது. தடவினால் கைப்பிடி விரலில் இடித்தது.

ஆமத்தூரில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேல்விழி அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேடை அலங்காரம் யார், ஒலி ஒளி யார், பந்தி யார் பொறுப்பு, எல்லாம் இருந்தது. நலிந்த பெண் தொழிலாளி ஒருவருக்கு மட்டும் பெயர் இல்லை.

“எம் பேரு எங்க?” என்றாள்.

“இடம் பத்தியிருக்காது புள்ள,” என்றான் பாலகுரு. அவள் புருஷன். அதே கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டுகிறவன்.

“சமையக்காரர் பேரு இருக்கு.”

“அவரு பேரு போடலைன்னா உப்பு போட மாட்டாரு. நீ என்ன பண்ணிருவ?”

அதுதான் வேல்விழிக்கும் தெரியவில்லை. ஆனால் மிஷின் வேண்டும். அந்த மிஷின்தான் வேண்டும். அதற்காக நலிந்தவளாக, ஒருத்தியாக, பெயரில்லாதவளாக இன்னும் சில நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவளுடைய கால்களின் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் காலை நீட்டிப்போட்டு உட்கார்ந்துதான் வேலை. தீப்பிடித்த அன்றைக்குக் கையை இழுத்துக்கொள்ள அவளுக்கு நேரமிருந்தது. காலை மடக்க நேரமில்லை. ஆறி வந்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, கணுக்கால் மடங்க மறுத்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர்களிடம் கம்பெனி ஒரே வரியில் பதில் சொன்னது: தொழிலாளி விதியை மீறிப் பருத்தி அல்லாத சேலை கட்டியிருந்தார், சேலை உரசிப் பொறி பறந்தது, ஆகவே தொழிலாளியின் கவனக்குறைவு.

அவள் அந்தச் சேலையைக் கட்டியிருந்தது உண்மை. ரோஸ் கலர், வழவழவென்று, துவைத்துப் போட்டால் காகம் கொடியில் வந்து உட்காருவதற்குள் காய்ந்துவிடும், அப்படி ஒரு சேலை. போன தீபாவளிக்குக் கம்பெனியே எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. பெட்டியில் நிறுவனத்தின் பெயர், அதிபரின் படம், தீபாவளி வாழ்த்து.

“வீட்டுல கட்டத்தானம்மா குடுத்தது,” என்றார் மேனேஜர் லட்சுமிகாந்தம்.

“கட்டிட்டு வேலைக்கு வாங்கன்னு சொல்லி வரிசையா நிக்கவச்சு போட்டோ புடிச்சீகளே, அது வீடா சார்?”

லட்சுமிகாந்தத்துக்கு அப்போது போன் வந்தது. அவருக்குத் தேவைப்படும்போதெல்லாம் போன் வரும்.

பிறகு ஏதோ ஒரு சேவைச் சங்கம் வேல்விழியின் துயர் கேட்டுத் துடித்துப்போய், வாழ்வாதாரம் என்று சொல்லி ஒரு தையல் மிஷின் கொடுத்தது. கால் மிஷின். கால் வெந்தவளுக்கு மிதிக்கிற மிஷினைக் கொடுத்துவிட்டு, எல்லோருமாகச் சேர்ந்து கைதட்டினார்கள். அவளும் கும்பிட்டாள். வேறென்ன செய்ய? பாலகுரு பாவம், கீழே குந்தி உட்கார்ந்து கையால் மிதியை அமுக்கிப் பார்த்தான். வேன் ஓட்டுகிற ஞாபகத்தில் மேடு வந்த மாதிரி ஓர் அழுத்து, பிரேக் போட்ட மாதிரி ஒரு நிறுத்து. ஜாக்கெட்டின் கை கழுத்தோடு போய்ச் சேர்ந்தது. அதோடு அந்த மிஷின் துணி காயப்போடுகிற கொடியாகிவிட்டது.

கை மிஷினை அவள் பார்த்தது கம்பெனி ஆபீசில். இழப்பீடு விஷயமாகப் போகும்போதெல்லாம் உட்காரவைக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே, கண்ணாடிப் பெட்டிக்குள், சந்தனமும் குங்குமமும் மாலையுமாக இருந்தது. மற்றவர்கள் அதைச் சாமி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேல்விழி கைப்பிடியைப் பார்த்தாள். வலக்கை சுற்றினால் போதும், இடக்கை துணியை நகர்த்தினால் போதும். காலுக்கு அங்கே வேலையே இல்லை. அன்றைக்கே கேட்டுவிட்டாள்.

“சார், அந்த மிஷின எனக்குக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

மூலஸ்தானத்து அம்மனை வாடகைக்குக் கேட்டதுபோல லட்சுமிகாந்தம் எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் வைர விழாவில் தாயார் புகழ் பாட ஒரு காரியம் தேவைப்பட்டபோது, அவருக்கு அந்தக் கோரிக்கை ஞாபகம் வந்தது.

விழா மேடையில் நவநீதகிருஷ்ணன் பேசினார். தம் தாயார் விளக்கு வெளிச்சத்தில் இந்தக் கைப்பிடியைச் சுற்றினாராம். சுற்றச் சுற்ற இந்தப் பகுதியின் இருள் விலகியதாம். அந்தச் சக்கரத்தைப் பார்த்துத்தான் தமக்குத் தரைச்சக்கரம் தயாரிக்கும் எண்ணமே உதித்ததாம். தரைச்சக்கரம் அவர் பிறப்பதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்ல மேடையில் ஆள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையும் தங்கக் கலரில் இருந்தது.

வேல்விழியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி மேடையேற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அது தோளில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. மிஷினை அவள் மடியில் வைத்தார்கள். கனம் தொடையில் இறங்கியபோது அவளுக்கு ஒரு கணம் கோபமெல்லாம் மறந்துபோனது. வார்ப்பிரும்பு. கறுப்பு உடம்பில் தங்கக் கொடியும் பூவும், சந்தனத்துக்கு அடியில் மங்கலாக. கைப்பிடியின் மரக்குமிழ் உள்ளங்கைக்குள் குளிர்ச்சியாக உட்கார்ந்தது.

போட்டோ முடிந்தது. லட்சுமிகாந்தம் குனிந்து, மிஷினுக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

“குடும்மா.”

“எதுக்கு சார்?”

“உள்ள வைக்கணும்ல. உன் வீட்டுல இதச் சூதானமா வைக்க இடம் ஏது? எலி இருக்கும், கோழி இருக்கும். இது ஒரு அடையாளத்துக்குக் குடுக்கிறதும்மா. உனக்கு வேற இருக்கு.”

வேறு என்பது, சட்டம் போட்ட ஒரு படம். அவள் மிஷின் வாங்குகிற காட்சி. ஒத்திகையில் எடுத்ததை அதற்குள் அச்சடித்து லேமினேஷனும் போட்டுவிட்டார்கள். சிவகாசி அல்லவா.

வேல்விழிக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னது தப்பு.

“படத்துல ஊசி இருக்கா சார்?” என்றாள்.

“என்னது?”

“இந்தப் படத்துல சட்டை தைக்க முடியுமான்னு கேக்கேன்.”

மைக் அணைக்கப்படவில்லை. ஒலி ஒளி ஆள் பந்திக்குப் போயிருந்தான். அவள் குரல் பந்தல் முழுக்க விழுந்தது. கீழே மருந்து அறைப் பெண்கள் வரிசையில் குருவம்மாள் எழுந்து நின்று, “அய்யா அம்புட்டுப் பேருக்கு முன்னாடி குடுத்துட்டாகளே, பெறகு எதுக்கு மேனேஜரு புடுங்குதாரு?” என்று கேட்டாள். குருவம்மாள் மெதுவாகப் பேசினாலே பக்கத்து ஊர் திரும்பிப் பார்க்கும். வந்திருந்த நிருபர்கள் இலையை விட்டு எழுந்தார்கள். நவநீதகிருஷ்ணன் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவருடைய முகத்தில் இடம் பத்தவில்லை.

“அவங்களே வச்சுக்கட்டும்,” என்றார், “அம்மாவோட ஆசீர்வாதம்.”

வேல்விழி மிஷினை மடியில் வைத்தபடியே வேனில் வீடு வந்து சேர்ந்தாள். பொன்னாடையைக் கூரை ஓட்டு இடுக்கில் செருகினாள். கைப்பிடியைச் சுற்றினாள்.

சுற்றவில்லை.

குருவம்மாள் வந்து எட்டிப்பார்த்தாள். “என்னளா, ஆத்தா அசைய மாட்டேங்கா?”

“சந்தனம் மதினி. எங்க பாரு, எங்கெல்லாம் பொட்டு வச்சிருக்கான்னு பாரு.”

தையல் மிஷினின் தலையில் அங்கங்கே சின்னச் சின்னத் துளைகள் உண்டு. உள்ளே ஓடுகிற இரும்புக்கு எண்ணெய் விடுவதற்கான வழி. வட்டமாக, அழகாக, பொட்டு வைக்கச் சொல்லிச் செய்தது மாதிரியே இருக்கும். கம்பெனியில் வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு, ஒரு துளை விடாமல் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்து, மினுமினுப்புக்குத் தேங்காயெண்ணெயும் தடவியிருந்தார்கள். சந்தனம் காய்ந்து சிமெண்ட் ஆகியிருந்தது. தேங்காயெண்ணெய் இறுகிப் பிசினாகியிருந்தது. பக்தியால் ஒரு மிஷினைக் கொல்ல முடியும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

“கும்புட்டே சாகடிச்சிருக்காங்க மதினி.”

“நம்மளக் கும்புடாமச் சாகடிக்கான். பரவால்ல, ஆத்தாவுக்கு மரியாத இருக்கு,” என்றாள் குருவம்மாள்.

ஊக்கு முனையால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தாள் வேல்விழி. ஆள் வைத்துத் தேடிப் பிடித்த மண்ணெண்ணெயில் கோழி இறகைத் தோய்த்து உள்ளே விட்டாள். மஞ்சள் மஞ்சளாக, சிவப்புச் சிவப்பாக, வாசனையோடு அழுக்கு வந்தது. குத்தும்போது கோபம் கைக்கு வந்துவிடும். ஒரு குத்து ரோஸ் சேலைக்கு, ஒரு குத்து கவனக்குறைவுக்கு, ஒரு குத்து லேமினேஷனுக்கு. ஊக்கு வளைந்தால் இன்னொன்று.

ஒருநாள் மத்தியானம் கைப்பிடி சட்டென்று வழிவிட்டது. சக்கரம் ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று. அடியில் படகு மாதிரியான அந்தச் சின்ன நூல்கூடு முன்னே போய்ப் பின்னே வந்தது. காடாத்துணியில் ஒரு துண்டைக் கொடுத்துச் சுற்றினாள். கிட்டிக் கிட்டிக் கிட்டி என்று, யாரோ வெற்றிலையை மென்றுகொண்டே கதை கேட்கிற மாதிரி ஒரு சத்தம். தையல் எறும்புச் சாரைபோல ஒரே சீராகப் போனது. எங்கே வேண்டுமோ அங்கே நின்றது. கால் மிஷினைப்போல இழுத்துக்கொண்டு ஓடவில்லை. கை நின்றால் அதுவும் நின்றது, பாதிச் சுற்று சுற்றினால் பாதித் தையல் போட்டது. இவ்வளவு சொல் கேட்கிற ஒன்றை அவள் வாழ்க்கையில் சந்தித்ததில்லை.

மரக்குமிழைத் துடைத்தபோது அதில் ஒரு பக்கம் குழிந்திருப்பது தெரிந்தது. பெருவிரல் பதிந்து பதிந்து தேய்ந்த குழி. அதிபரின் தாயாரோ, அதற்கு முன்னால் வேறு எவளோ, ஒருத்தி நிஜமாகவே உட்கார்ந்து, தோள் கடுக்கச் சுற்றியிருக்கிறாள். சாம்ராஜ்யத்தை அல்ல, பாவாடையையும் சட்டையையும் தைத்திருக்கிறாள். அந்தக் குழியில் வேல்விழி தன் பெருவிரலை வைத்தாள். சரியாக இருந்தது. யாரென்று தெரியாத அந்த மகராசிமீது மட்டும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

முதலில் தைத்தது குருவம்மாளுக்கு. சேலைக்கு மேலே போட்டுக்கொள்ள, முழங்கால்வரை வருகிற மாதிரி, காடாத்துணியில் ஒரு கோட்டு. முழுப் பருத்தி. குருவம்மாள் அதைப் போட்டுக்கொண்டு மருந்து அறைக்குப் போனாள். பார்த்தவர்கள் கேட்டார்கள். அடுத்த வாரத்தில் வேல்விழியின் வீட்டில் காடாத்துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. அவள் கை நிற்கவில்லை.

அப்போதுதான் கம்பெனிக்கு உறைத்தது. கொடுத்த சேலைக்கு மேலே பெண்கள் வரிசையாகக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தால், பார்க்கிறவன் ஏன் என்று கேட்பானா மாட்டானா? லட்சுமிகாந்தம் வந்தார். பின்னால் ஒரு குட்டி லாரியில், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத புத்தம் புதிய மிஷின்.

“பழசக் குடுத்துட்டுப் புதுச வச்சுக்கம்மா. அய்யாவுக்கு மனசு கேக்கல. அம்மா ஞாபகமாவே இருக்காங்க.”

வேல்விழி எட்டிப்பார்த்தாள். கால் மிஷின்.

அவள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு, இரண்டு காலையும் அவர் முன்னால் நீட்டினாள். லட்சுமிகாந்தம் மோட்டுவளையைப் பார்த்தார். போன் வரவில்லை.

புதிய மிஷினை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் பாலகுருவிடமிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டு, லோடு தூக்கப் போகச் சொல்லிவிட்டார்கள்.

பாலகுரு வீட்டுக்கு வந்து குதித்தான். “உன் மிஷினால என் சாவி போச்சு புள்ள! அம்புட்டுப் பேரு பாக்க மூட்ட தூக்குதேன்! குடுத்துத் தொலைச்சா என்ன?”

வேல்விழி சுற்றுவதை நிறுத்தவில்லை. “சாவி போனதுக்கு இம்புட்டுச் சத்தம் போடுதீக. என் காலு போனப்ப அய்யா தங்கமானவருன்னுல்ல சொன்னீக?”

பாலகுரு சோற்றைப் போட்டுச் சாப்பிட்டான். பிறகு, கேட்காமலேயே கத்தரியை எடுத்து, அவள் கோடு போட்டு வைத்திருந்த துணியை வெட்ட ஆரம்பித்தான். கோணலாகத்தான் வெட்டினான்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாது. அரிவாள்மணை முதல் அச்சு இயந்திரம்வரை, கழுவி, பொட்டு வைத்து, ஓய்வு கொடுத்துக் கும்பிட வேண்டும். அது அந்தப் பக்கத்துக்கே எழுதாத சட்டம். காலையில் பொரி வாங்கக் கம்பெனிக்குப் போக வேனுக்காகப் பெண்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தபோது, வேனுக்குப் பதில் நவநீதகிருஷ்ணனின் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். ஒரு பூசாரி இறங்கினார். சந்தனக் கிண்ணம், குங்குமம், தேங்காய், ஒரு பொன்னாடை. லட்சுமிகாந்தம் டிக்கியைத் திறந்தார். உள்ளே அந்தக் கண்ணாடிப் பெட்டி காலியாக, துடைத்து, தயாராக இருந்தது.

“அம்மா மிஷின் இல்லாம எங்க கம்பெனியில பூசையே நடந்தது கிடையாது,” என்றார் நவநீதகிருஷ்ணன், தெருவுக்கே கேட்கும்படி. “சீசன் நேரம். ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு? பூசைக்கு எடுத்துட்டுப் போறோம். பெறகு பாத்துக்கலாம்.”

பெறகு என்றால் என்னவென்று வேல்விழிக்குத் தெரியும். இழப்பீட்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சொல்லை நிறையக் கேட்டிருக்கிறாள்.

“பூசைதான அய்யா? இங்கனயே பண்ணுங்க.”

பூசாரி வீட்டுக்குள் வந்து, சந்தனத்தைத் தொட்டு மிஷினின் முதல் துளையை நோக்கி விரலை நீட்டினார். வேல்விழி கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.

கிட்டிக் கிட்டிக் கிட்டி.

பூசாரி விரலைப் பிடுங்கிக்கொண்டார். “அபச்சாரம்! இன்னிக்கு ஓட்டக் கூடாதும்மா!”

“தெரியும் சாமி. நாப்பது வருசமா பெட்டிக்குள்ள இதுக்கு ஆயுத பூசைதான் நடந்துச்சு. அம்புட்டு லீவு எந்த மிஷினுக்கும் எந்த மனுசனுக்கும் கெடச்சதில்ல. இனி ஓடட்டும்.”

“தூக்குய்யா,” என்றார் நவநீதகிருஷ்ணன். மேடையில் இல்லாத குரல் அது. லட்சுமிகாந்தம் குனிந்தார். ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் கையை இங்கும் அங்கும் நீட்டினார்.

வாசலை அடைத்துக்கொண்டு குருவம்மாள் நின்றாள். அவளுக்குப் பின்னால் தெரு நிறையக் காடாத்துணிக் கோட்டு. பண்டிகை நாள் என்று துவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

“அய்யா,” என்றாள், வழக்கத்துக்கு மாறாக மெதுவாக. “மிஷின் உங்க கார்ல ஏறுச்சுன்னா, நாளைல இருந்து உங்க வேன்ல ஏற ஆளு இருக்காது. தீவாளி கிட்ட வந்துருச்சு. லோடு நீங்களும் மேனேஜருமாத்தான் ஏத்திக்கணும். யோசிச்சுக்கங்க. அப்படியே பாலகுரு தம்பி சாவியையும் குடுத்துருங்க, புது டிரைவரு ஆளக் குலுக்கிப் போடுதான்.”

நவநீதகிருஷ்ணன் யோசித்தார். தாயாரின் நினைவு ஒரு பக்கம், சீசன் ஆர்டர் ஒரு பக்கம். தாயார் நினைவு கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஓடுகிற மிஷினுக்கு முன்னால் தூர நின்று தேங்காய் உடைத்தார்கள். சூடம் காட்டினார்கள். அதிபர் கும்பிட்டார். போவதற்கு முன் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, கொண்டுவந்த பொன்னாடையை மிஷினின் தலையில் போர்த்திவிட்டுக் காரில் ஏறினார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. பாலகுரு அந்தப் புத்தம் புதிய கால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் டிக்கியில் வைத்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினான்.

மிஷின் வேல்விழியிடம்தான் இருக்கிறது. முதல் பொன்னாடையையும் இரண்டாவது பொன்னாடையையும் ஒன்றாக வைத்து, நாலு பக்கமும் மடித்து அந்த மிஷினிலேயே தைத்து, வாசலில் கால் துடைக்கப் போட்டிருக்கிறாள். பாலியெஸ்டர் என்பதால் அது ஈரத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை.